வக்கீல் தவசிலிங்கத்துக்கு வராத ஓட்டு

அரபு நாட்டில், முவைலாவில் கம்பெனித் தொழிலாளர் கேம்ப் ஆட்களுக்குச் சோறாக்கிப் போடும் நாகஜோதி, தவசிலிங்கம் என்ற பேரை முதலில் கேட்டது சாப்பாட்டு வரிசையில்தான். ஊரில் வக்கீலுக்குப் படித்து, கேஸ் கிடைக்காமல் கம்பெனிக்கு டைப்படிக்க வந்தவராம். "நம்ம பாஸ்போர்ட்டையெல்லாம் ஆபீஸ்ல பூட்டி வச்சிருக்காங்கள்ல, அதுக்கு மனு எழுதுறாருக்கா" என்றார்கள்.

மனுவில் முதல் கையெழுத்து அவருடையது. பாஸ்போர்ட் எல்லார் கைக்கும் வந்தது. அவரை மட்டும் விசாவை ரத்து செய்து ஊருக்கு அனுப்பிவிட்டார்கள்.

அங்கே பஞ்சாயத்துத் தலைவர் தேர்தலில் நின்றார். கேம்ப்பில் அவர் ஊர்க்காரர்களே நாற்பது பேர். "நேர்ல வந்தாத்தான் ஓட்டு. ரெண்டு நாள் வந்துட்டுப் போங்கப்பா" என்று போனில் கேட்டார். அத்தனை பேரும் சரியென்றார்கள். நாள் நெருங்கியபோது ஒருத்தர்கூட லீவு கேட்கவில்லை.

"பாஸ்போர்ட்டு கையில இருந்தும் ஏன்டா போகல?" என்று சாப்பாட்டு வரிசையில் நின்ற அவர் ஊர்க்காரன் பழனிச்சாமியைக் கேட்டாள் நாகஜோதி.

"இப்பப் போனா வேலை போயிரும்க்கா. அவருக்கென்ன, படிச்ச மனுசன், பொழச்சுக்கிருவாரு. கொழம்ப ஊத்துங்க."

கை கூசியது, ஆனாலும் ஊற்றினாள். பதினோரு ஓட்டில் தோற்றார் வக்கீல்.

இப்போது தவசிலிங்கம் வேறொரு அரபு நாட்டில், அல் கோபாரில் ஒரு கிடங்கு வாசலில் காவலுக்கு நிற்கிறார்.