கட்டில் போன வீடு

எங்கள் மாமா, அதாவது என் அக்கா வீட்டுக்காரர், பாதி ஊரை வீடு மாற்றிவிட்டவர். சொந்தமாக ஒரு வேன், ஒரு கட்டுக் கயிறு, சில பழைய கம்பளிகள், கூட்டாளியாக ஒல்லி. பெயர் வைத்தபோது ஒல்லியாகத்தான் இருந்தான். மாமாவின் வண்டியில் ஏறிய பிறகுதான் உடம்பு போட்டான். இதை நான் வயிற்றெரிச்சலோடுதான் சொல்கிறேன்.

மாடியிலிருந்து பீரோ இறக்கும்போது ஒருவர் பின்பக்கமாகவே நடந்து இறங்க வேண்டும். படி அவர் கண்ணுக்குத் தெரியாது. எதிரில் பிடித்திருப்பவர் "படி இருக்கு, திருப்பம் வருது, இன்னும் ஒண்ணு" என்று சொல்லச் சொல்லக் காலை வைக்க வேண்டும். பின்னால் நடப்பது எப்போதும் மாமா. சொல்வது ஒல்லி.

எந்த வீட்டிலும் மாமா முதலில் கட்டிலைத்தான் ஏற்றுவார். "கட்டில் எங்க போச்சோ அங்கதான் வீடு. மத்ததெல்லாம் வெறும் சாமான்" என்று வீட்டுக்காரர்களிடம் சொல்லிச் சிரிப்பார். கேட்டுக் கேட்டு எங்களுக்குக் காது புளித்திருந்தது.

அந்த வருஷம் அவரே வீடு மாற வேண்டி வந்தது. வட்டாரத் தேர்தலும் கூடவே வந்தது. பழைய தெருவுக்குப் பின்னால் இருந்த காலி இடத்தில்தான் வேன்கள் நிற்கும். அங்கே கடை கட்டுவேன் என்றார் ஒரு வேட்பாளர், விடமாட்டேன் என்றார் இன்னொருவர். இடம் போனால் வண்டியை எங்கே நிறுத்துவது, வாடிக்கைக்காரர்கள் எங்கே வந்து தேடுவார்கள்? ஓட்டுப் போட்டே தீருவேன் என்று மாமா ஒற்றைக் காலில் நின்றார்.

வாக்காளர் பட்டியல் மூடும் நாளுக்கு முன்னால் குடி போய்விட்டால் பழைய வட்டாரத்தில் ஓட்டு கிடையாது, அதற்கப்புறம் போனால் உண்டு. இதுதான் விதி. மாமா நன்றாக விசாரித்து வைத்திருந்தார். ஆனால் வேன்காரர்கள் தங்கள் சாமானுக்கென்று தனியாக வண்டி எடுப்பதில்லை. வண்டி காலியாகத் திரும்பும்போது கொஞ்சம் கொஞ்சமாகக் கொண்டுபோவார்கள். அக்காவுக்கு முதுகுவலி, தரையில் படுக்க முடியாது. அதனால் அக்காவும் கட்டிலும் முன்னாலேயே போய்விட்டார்கள். அந்த நாள் கடக்கும்வரை மாமா மட்டும் காலி வீட்டில், வெறும் தரையில் படுத்தார். "தனியா எதுக்குண்ணே கிடக்கறீங்க?" என்று ஒல்லியும் பாயைச் சுருட்டிக்கொண்டு வந்துவிட்டான். என்ன மனசு என்று அக்கா உருகினாள். எதிர்வீட்டிலிருந்து பார்த்த நானும்தான்.

தேர்தலன்று வரிசையில் நான் மாமாவுக்குப் பின்னால் நின்றேன். உள்ளே, கடை கட்டப்போகிறவரின் பூத் ஏஜென்டாக ஒல்லி உட்கார்ந்திருந்தான்.

"நீ எப்படா இந்தப் பக்கம்?" என்று மாமா சிரித்தார்.

ஒல்லி சிரிக்கவில்லை. எழுந்து தேர்தல் அதிகாரியிடம் சொன்னான்: "சார், இவரு பட்டியல் மூடறதுக்கு முன்னாடியே வீடு மாறிட்டாரு. கட்டில் போயிடுச்சு. நான்தான் தூக்கினேன்."

"கட்டில் போனது நிஜமா?" என்றார் அதிகாரி.

"கட்டில் போச்சு சார். நான் போகலையே. தரையில படுத்திருந்தேன்."

"கட்டில் எங்க போச்சோ அங்கதான் வீடுன்னு இவரேதான் சொல்லுவாரு சார். எல்லாருக்கும் தெரியும்."

வரிசையில் யாரோ சிரித்தார்கள். நான் குறுக்கே புகுந்து, மாமா அங்கேதான் இருந்தார், என் கண்ணால் பார்த்தேன் என்றேன். சொந்தக்காரர் பேச்சு எடுபடாது, வேறு யாராவது பார்த்தார்களா என்று கேட்டார் அதிகாரி.

மாமாவின் முகம் தெளிந்தது. "பார்த்தவன் இவன்தான் சார். என் பக்கத்துலதான் படுத்திருந்தான். தம்பி, நீயே சொல்லு. பட்டியல் மூடின அன்னைக்கு ராத்திரி நான் எங்க இருந்தேன்?"

ஒல்லி தன் செருப்பைப் பார்த்தான். "எனக்குத் தெரியாதுண்ணே."

அந்த 'அண்ணே'வைத்தான் என்னால் இன்றுவரை பொறுக்க முடியவில்லை.

மாமாவைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். புது வட்டாரத்தில் பெயர் இன்னும் ஏறவில்லை, அங்கேயும் ஓட்டு இல்லை. வரப்போகும் கடைகளில் ஒன்று ஒல்லிக்கு என்று முன்பே பேசி முடித்திருந்தது பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. கடை கட்டுவேன் என்றவரே பெரிய வித்தியாசத்தில் ஜெயித்தார். மாமாவின் ஒரு ஓட்டால் எதுவும் மாறியிருக்காது. "இடம் போனா போகுது. படுத்திருந்தாருன்னு ஒரு வார்த்தை வரலையே அவன் வாயில" என்று மட்டும் அக்காவிடம் சொன்னார். அன்று அவர் சாப்பிடவில்லை.

மறுநாள் காலை ஒல்லி ஒன்றுமே நடக்காதது போல வண்டிக்கு வந்து நின்றான். கூடவே இருந்து குழி பறிப்பவர்களுக்கு வெட்கம் மட்டும் எங்கே போய்விடுகிறதோ தெரியவில்லை. ஏற்கெனவே ஒப்புக்கொண்ட வேலை, தனியாளால் முடியாது. சில்லறைச் சாமான் தூக்க நானும் போனேன்.

மாடியில் பீரோவைத் தூக்கும்போது மாமா இடம் மாறி நின்றார். "இன்னைக்கு நீ பின்னால நட."

"எனக்குப் பழக்கமில்லையேண்ணே."

"நான் சொல்றேன்ல."

ஒரு படி விடாமல் மாமா சரியாகச் சொன்னார். திருப்பத்தை முன்கூட்டியே சொன்னார். ஆனாலும் ஒல்லி ஒவ்வொரு படிக்கும் கழுத்தை ஒடித்துத் திரும்பித் திரும்பிப் பார்த்தான். வியர்வை கொட்டியது அவனுக்கு.

கீழே பீரோவை வைத்துவிட்டு மாமா கயிற்றைச் சுருட்டினார்.

"இத்தனை வருஷத்துல," என்றார், "நான் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்த்ததில்லடா."