சலங்கைக்காகக் கட்டிய பெட்டி

அன்று அறையில் இருந்தவர்கள்: என் மனைவி, அடுக்களை வாசலில். அவள் தம்பி, கம்ப்யூட்டர் பக்கத்தில் ஸ்டூலில். எங்கள் வெடி கம்பெனி போர்மேன், கட்டிலில். நான், ஸ்பீக்கருக்கு எதிரே நாற்காலியில். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். சாப்பாடு முடிந்திருந்தது.

அந்த ஸ்பீக்கர் கடையில் வாங்கியது இல்லை. நான் கட்டியது. ஏன் கட்டினேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

கம்பெனியில் நான் சத்தம் பார்க்கிறவன். குண்டு வெடி ஒரு லாட் முடிந்ததும் அதில் மூன்றை எடுப்பேன். பொட்டலில் கொண்டுபோய்க் கொளுத்துவேன். காதால் கேட்டு, "சரி" அல்லது "கம்மி" என்று சொல்வேன். சரி என்றால் லோடு ஏறும். கம்மி என்றால் ஏறாது. பத்து வருஷமாக அதற்குத்தான் சம்பளம். காதில் பஞ்சு வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். பஞ்சு வைத்தால் எப்படிக் கேட்பது. வைக்கவில்லை.

மச்சினன் சிவகாசியில் அச்சாபீசில் வேலை பார்த்தான். அங்கே புது கம்ப்யூட்டர் வந்ததும் பழசைக் கழித்தார்கள். அதில் ஒன்று விஸ்வநத்தத்தில் எங்கள் வீட்டுக்கு வந்தது. கூடவே சோப்பு டப்பா மாதிரி இரண்டு ஸ்பீக்கர். நூறு பாட்டு உள்ள ஒரு சிடியும் கொடுத்தான். முதல் பாட்டு ஓடும்போது என் மனைவி அடுக்களையிலிருந்து சொன்னாள்.

"ஆரம்பத்துல சலங்கை வருது பாத்தீகளா, அம்புட்டு நல்லாருக்கு."

எனக்குச் சலங்கை வரவில்லை. மறுபடி போட்டேன். தபலா வந்தது, வயலின் வந்தது. சலங்கை இல்லை. ஸ்பீக்கர் சரியில்லை என்று முடிவு செய்தேன். வேறு என்ன முடிவு செய்ய முடியும்.

விருதுநகருக்கு பஸ் ஏறினேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ரேடியோ, ஆம்ப்ளிபயர் ரிப்பேர் கடை. நாலு இஞ்ச் ஸ்பீக்கர் இரண்டு, கீச்சுச் சத்தத்துக்கென்று ட்வீட்டர் இரண்டு, ஆம்ப்ளிபயர் ஒன்று. கடைக்காரர் எல்லாவற்றையும் ஒரு அட்டைப் பெட்டியில் போட்டுக் கொடுத்து இரண்டு விஷயம் சொன்னார்.

"பெட்டி ரெண்டும் உங்க தலையும் அடுப்புக்கல்லு மூணு மாதிரி இருக்கணும். அப்பத்தான் சத்தம் நடுவுல நிக்கும். பெட்டிக்குப் பின்னாடி எலுமிச்சம்பழம் போற அளவுக்கு ஒரு ஓட்டை விடுங்க. காத்து போய் வரணும்."

முதலாவதைக் கேட்டேன். இரண்டாவதைக் கேட்கவில்லை.

எனக்கு மரவேலை தெரியாது. காகித வேலை தெரியும். அகலமான பிளாஸ்டிக் குழாய்த் துண்டின் மேல் பழுப்புக் காகிதத்தை முப்பது சுற்று சுற்றினேன். மைதா பசை, பூச்சி அரிக்காமல் இருக்க அதில் மயில்துத்தம். நாலு நாள் வெயிலில் காயவைத்துக் குழாயை உருவினேன். இப்படி இரண்டு. வெளியே சணல் சுற்றியது என் மனைவி. கல்யாணத்துக்கு முன்னால் அவள் குண்டுக்குச் சணல் சுற்றியவள். இறுக்கம் அவள் கையில் தானாக வந்தது. முன்பக்கம் பலகை வைத்து ஸ்பீக்கரைப் பொருத்தினேன். பின்பக்கத்தை அட்டை வைத்து ஒட்டி மூடினேன். ஓட்டை விடவில்லை.

எங்கள் தொழிலில் சத்தம் என்பது இறுக்கம். எங்கேயாவது ஊசிமுனை அளவு ஓட்டை இருந்தால் குண்டு புஸ்ஸென்று போய்விடும். அந்த லாட்டை நானே கழித்திருக்கிறேன். ரேடியோ கடைக்காரருக்கு வெடியைப் பற்றி என்ன தெரியும் என்று நினைத்தேன்.

மச்சினன் வந்து பார்த்தான். சுற்றிச் சுற்றி வந்தான்.

"திரி எங்க மாமா வச்சிருக்கீக?"

"பாட்டப் போடு மாப்ள."

போட்டான். கொஞ்ச நேரம் கேட்டான்.

"ஜலதோசம் பிடிச்சவன் போர்வைக்குள்ள இருந்து பாடுற மாதிரி இருக்கு."

"ஏலே, சும்மா இரு" என்றாள் அவன் அக்கா.

"நீயே சொல்லுக்கா. பழைய டப்பாவே தேவலை."

அவள் அடுக்களைக்குள் போய்விட்டாள். அவன் சொன்னது சரி. எனக்கும் அப்படித்தான் கேட்டது. சலங்கையும் வரவில்லை.

ஒரு வாரம் அப்படியே விட்டேன். கத்தியை இரண்டு தடவை எடுத்துத் திரும்ப வைத்தேன். மூன்றாவது தடவை ஓட்டை போட்டேன். நன்றாக இருக்கிற குண்டைக் கெடுப்பது போல் இருந்தது.

பாட்டு வேறு மாதிரி ஆகிவிட்டது. தபலாவில் கை விழுகிற இடம் தெரிந்தது. பாடுகிறவர் மூச்சு இழுப்பது தெரிந்தது. என் மனைவி கரண்டியோடு வந்து நின்று முழுப் பாட்டையும் கேட்டாள். குழம்பு அடிப்பிடித்தது.

சலங்கை மட்டும் இருக்கிற மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது.

பெட்டியைக் காது உயரத்துக்குத் தூக்கினேன். சிவகாசியில் விற்காத காலண்டருக்குப் பஞ்சமில்லை. போன வருஷத்துத் தினசரிக் கட்டுகளை அடுக்கி அதன்மேல் வைத்தேன். நல்ல நேரம், ராகு காலம் எல்லாம் பெட்டிக்கு அடியில். கம்ப்யூட்டர் விசிறி இரைகிறது என்று அதை மேஜைக்கு அடியில் தள்ளினேன். மின்விசிறியை நிறுத்தினேன். வேர்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஒவ்வொரு மாற்றத்துக்கும் அவளைக் கேட்பேன்.

"இப்பக் கேக்குதா சலங்கை?"

"மொதல்லயே கேட்டுச்சுங்க."

நாலைந்து தடவைக்குப் பிறகு அவள் "கேக்குது" என்று மட்டும் சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்க ஆரம்பித்தாள்.

இந்த நிலையில்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை போர்மேன் வந்தார். பெட்டியின் பின்பக்கத்தைப் பார்த்துச் சிரித்தார்.

"என்னலே, குண்டுக்கு ஓட்டை போட்டு வச்சிருக்க?"

"ஸ்பீக்கருக்கு ஓட்டை வேணுமாம் அண்ணாச்சி."

கட்டிலில் உட்கார்ந்தார். வந்த விஷயத்தைச் சொன்னார்.

"முதலாளி மீட்டர் வாங்கணும்ங்காரு. சத்தத்த அளந்து நம்பர் காட்டுற மெசினு. வாங்கிட்டா நீ மத்தவகளோட உக்காந்து காகிதக் குழாய் உருட்டத்தான் போகணும். நான் ஒத்துக்கிடல. இவன் காது நல்லாருக்கிற வரைக்கும் மீட்டர் எதுக்குன்னு கேட்டேன். சரி, பாப்போம்னாரு."

மச்சினன் அதே பாட்டைப் போட்டான். போர்மேன் கண்ணை மூடிக் கேட்டார்.

"எம்புட்டுச் சுத்தமா இருக்குலே. சலங்கை பக்கத்துல நிக்கிற மாதிரி."

மச்சினனுக்குப் பெருமை. கம்ப்யூட்டர் அவன் கொடுத்தது.

"ஒரு போட்டி வைப்போமா அண்ணாச்சி? மறுபடி போடுறேன். பாட ஆரம்பிக்கிறதுக்குள்ள சலங்கை எத்தனை தடவை வருதுன்னு மனசுக்குள்ள எண்ணணும். மாமாதான் ஜெயிப்பாரு. தொழிலே அதான."

"வேண்டாம்லே. காப்பி ஆறுது" என்றாள் என் மனைவி.

"காப்பி எங்க ஓடிப்போகுது?" என்றார் போர்மேன்.

மின்விசிறியை நிறுத்தினான். பாட்டு ஆரம்பித்தது. நான் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். பெட்டி இரண்டு, என் தலை ஒன்று, கடைக்காரர் சொன்ன அடுப்புக்கல் கணக்கில் துளி பிசகில்லை. பெட்டியில் இனிமேல் குறை சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. நானே மிச்சம் வைக்கவில்லை.

பாடகர் குரல் வந்ததும் நிறுத்தினான்.

"பதினாறு" என்றான் மச்சினன்.

"பதினாறுதாம்லே" என்றார் போர்மேன்.

யாரும் அவளைக் கேட்கவில்லை. ஆனாலும் என் மனைவி என்னைப் பார்த்து, ஒவ்வொரு எழுத்தாக, "எனக்கும் பதினாறு" என்றாள்.

போர்மேன் என் பக்கம் திரும்பினார்.

"உனக்கு எம்புட்டுலே?"

மூன்று பேரும் விடையைச் சொல்லிவிட்டார்கள். நான் திருப்பிச் சொன்னால் போதும். ஆனால் திங்கட்கிழமை பொட்டலில் ஒரு லாட் எனக்காகக் காத்திருந்தது. அங்கே எனக்கு முன்னால் சொல்ல யாரும் கிடையாது.

கேட்டதைச் சொன்னேன்.

ஏழு.