குதிரைக்குத் தனி முறை கிடையாது

ஞாயிறுதோறும் விழுப்புரத்தில் பாசஞ்சர் ஏறித் திண்டிவனம் போவேன். அங்கே கல்லூரி நண்பன் வீட்டு மாடியில், பகடையும் காகிதமும் வைத்து ஒரு கற்பனைச் சாகச ஆட்டம் ஆடுவோம். கதையை நடத்துபவன் நண்பன். அவனுடைய சித்தப்பா மகன் குதிரைவீரன், இன்னொருவன் மந்திரவாதி, நான் வில்லாளி.

ஒரு ஞாயிறு நண்பனின் அப்பா என்னைப் படிக்கட்டில் நிறுத்தினார்.

"வளவனூர் பக்கம்னு சொன்னான். ஊர்ல எந்தத் தெரு?"

"காலனிங்க."

"சரி சரி, மேல போ."

அடுத்த வாரம் என் வில்லாளி செத்துப்போனான். அவனைக் கொன்றது பகடைதான். என் கண்ணால் பார்த்தேன். அதற்குப் பிறகு நடந்ததில் பகடைக்கு வேலை இல்லை.

"புது ஆள் எழுதிக்கினு வா. அதுவரைக்கும் இவன் குதிரைய நீ ஆடு," என்றான் நண்பன், சித்தப்பா மகனைக் காட்டி. கதைப்படி அது சாபத்தால் குதிரையான ஒரு மனுசன். பேசும், யோசிக்கும். எனக்கும் வேடிக்கையாகத்தான் இருந்தது. கனைத்துக்கூடக் காட்டினேன்.

அந்த வாரமே ஒரு வைத்தியச்சியை உருவாக்கி, இரண்டு பக்கம் எழுதி எடுத்துப்போனேன். அவள் நுழையக் கதையில் இன்னும் இடம் வரவில்லை என்றான் நண்பன். அதற்கடுத்த வாரமும் வரவில்லை. நான் தொடர்ந்து குதிரையாகவே இருந்தேன்.

ரயிலில் ஆட்டத்தின் விதிப்புத்தகத்தைப் படிக்க ஆரம்பித்தேன். ஏறியவன் அடக்கி ஓட்டும் குதிரைக்குத் தனி முறை கிடையாது. அவன் முறை வரும்போதுதான் அதுவும் நகரும். ஓடலாம், ஒதுங்கலாம், அடிக்கு விலகலாம், தாக்கக் கூடாது. அது எதிரியைத் தாண்டி ஓடினால், குதிரையை அடிப்பதா ஏறியவனை அடிப்பதா என்பது எதிரியின் விருப்பம். எதிரிகளுக்காக முடிவெடுப்பவன் நண்பன். அவன் ஒவ்வொரு முறையும் குதிரையைத்தான் அடித்தான். ஆனால் புத்தியுள்ள மிருகமென்றால் அதற்குத் தனி முறை உண்டு, அது தன் இஷ்டப்படி நடக்கும் என்றும் இருந்தது. அந்த வரிக்கு அடியில் பென்சிலால் கோடு போட்டேன்.

நான்காவது வாரம், ஒரு பாலத்தில் ஈட்டியோடு ஆறு பேர் வழிமறித்தார்கள்.

"நேரா உள்ள பூந்து ஓடு," என்றான் சித்தப்பா மகன்.

"நான் ஓட மாட்டேன். ஆத்துல இறங்கி நீந்திப் போறேன். எனக்குத் தனி டர்ன் இருக்குது."

"குதிரைக்கு எதுக்குடா தனி டர்ன்? ஏறினவன் சொன்னா ஓடணும், அவ்ளோதான்."

மந்திரவாதி விழுந்து விழுந்து சிரித்தான். நான் பக்கத்தைத் திறந்து நண்பன் முன்னால் வைத்தேன். கோடு போட்ட வரியை அவன் படித்தான். இரண்டாவது தடவையும் படித்தான் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். பிறகு புத்தகத்தை மூடினான்.

"புக்குல இருக்கலாம்டா. இங்க நான் சொல்றதுதான் ரூல். பேஜாரு பண்ணாம ஓடு."

ஓடினேன். ஆறு ஈட்டியில் நான்கு குதிரையில் பாய்ந்தன. குதிரை விழுந்தால் ஏறியவன் பகடை உருட்டிக் காலூன்றி நிற்கலாம். சித்தப்பா மகன் உருட்டினான், நின்றான். எல்லோரும் கைதட்டினார்கள்.

"கவலைப்படாத, அடுத்த வாரம் வேற குதிரை தர்றேன்," என்றான் நண்பன்.

பையை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினேன். அதன் பிறகு போகவில்லை. பதினைந்து நாள் கழித்து அவனிடமிருந்து ஒரு செய்தி வந்தது: 'ஒரு கேமுக்குப் போயி கோச்சிக்கினியா?' என்னவென்று பதில் எழுதுவது? ஆமாம், கேம்தான். வேறு எதையும் நிரூபிக்க என்னிடம் எதுவும் இல்லை.

சில மாதம் கழித்து, விழுப்புரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் சித்தப்பா மகனைப் பார்த்தேன். அவனே தேடி வந்து தோளில் கை போட்டான். உண்மையான சந்தோஷம் அவன் முகத்தில் இருந்தது.

"இவன்தான் என் குதிரை," என்று தன் மனைவியிடம் சொன்னான்.

அந்தப் பெண் ஒன்றும் புரியாமல் சிரித்தாள். நானும் சிரித்தேன். பந்தியில் அவர்கள் பக்கத்திலேயே உட்கார்ந்து, பாயசம் வரைக்கும் சாப்பிட்டுவிட்டு வந்தேன். பாலத்தில் விழுந்ததை மறந்துவிடலாம். நான் சிரித்த அந்தச் சிரிப்பைத்தான் இன்னும் மறக்க முடியவில்லை.