டவர் பாறையில் ஒரு பதிவு

கல்வராயன் மலைப் பள்ளிகளில் கம்ப்யூட்டரோ ஸ்மார்ட் போர்டோ பழுதானால் போய்ச் சரிசெய்வது என் வேலை. செய்ததைப் பதிவு செய்வதும் என் வேலைதான். எந்தப் பள்ளி, என்ன கோளாறு, எதை மாற்றினேன் என்று படத்தோடு போன் செயலியில் ஏற்ற வேண்டும். மலையில் சிக்னல் கிடைக்காது. அதனால் நோட்டில் குறித்துக்கொண்டு, பஸ் அடிவாரத்துக்கு இறங்கிக் கச்சிராயபாளையத்தில் நின்றதும் ஏற்றிவிடுவேன். எனக்கு முன்னால் இருந்தவரும் அப்படித்தான் செய்தாராம்.

பதிவு எந்த இடத்திலிருந்து வருகிறது என்பதையும் அந்தச் செயலி குறித்துக்கொள்கிறது. எங்களுக்கு அதை யாரும் சொல்லவில்லை. ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் சமயத்தில், கள்ளக்குறிச்சி அலுவலகத்தில் மேற்பார்வையாளர் தன் திரையை என் பக்கம் திருப்பினார். அதிலிருந்த வரைபடத்தில் என் பதிவுகளின் புள்ளிகள் எல்லாம் கச்சிராயபாளையம் பஸ் ஸ்டாண்டில் ஈ மொய்த்ததுபோல் கிடந்தன.

"இன்னாம்மா, மலை ஏறுறியா, இல்ல கீழயே டீ குடிச்சிக்கினு எழுதுறியா?"

"ஹெச்.எம். கையெழுத்து நோட்டுல இருக்கு சார்."

"நோட்ட யாரு பாக்கறாங்க? அடுத்த வாட்டியும் இப்படியே வந்தா உனக்காக நான் பேச முடியாது."

முகம் எரிந்தது. எங்கள் வீட்டில் முதலில் படித்தவள் நான். கரும்பு வெட்டப் போகிற இடத்தில் எல்லாம் அப்பா, "எம்பொண்ணு கம்ப்யூட்டருக்கு டாக்டரு" என்று சொல்லிவைத்திருக்கிறார். போகாத ஊருக்குப் போனதாக எழுதுகிறவளா நான்?

அடுத்த முறை மலைப்பள்ளியில் கை அதன் பாட்டுக்கு ஒயரை மாற்றியது. கண் போனைவிட்டு நகரவில்லை. மாணவர் வருகையை எங்கே நின்று ஏற்றுகிறீர்கள் என்று அங்கிருந்த டீச்சரிடம் கேட்டேன். பள்ளிக்குப் பின்னால் ஒரு பாறைக்கு அழைத்துப் போனார். அங்கே மட்டும் கொஞ்சம் சிக்னல் வருமாம்; ஊரில் அதற்கு டவர் பாறை என்றே பெயர். உச்சியில் ஒருவர் நிற்கத்தான் இடம். அங்கே ஏற்கெனவே ஒருவர் போனில் கத்திக்கொண்டிருந்தார்.

"அண்ணே, எறங்குங்க. கடைசி பஸ்ஸு வந்துரும்," என்றார் டீச்சர்.

"இரு டீச்சரு, பொண்ணு பாக்க வரச் சொல்லிக்கினு இருக்கேன்."

"அப்ப கல்யாணத்தயும் பாற மேலயே வெச்சிக்குங்க!"

அவர் இறங்கியதும் ஏறினேன். ஒற்றைக் கோடு சிக்னல். படம் பாதி ஏறி நின்றது. மறுபடி அழுத்தினேன். வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. கீழே சாலையில் ஹாரன் கேட்டது.

"வாம்மா, போயிடும்!" என்று கத்திக்கொண்டே டீச்சர் ஓடினார்.

கால் இறங்கப் பார்த்தது. இறங்கினால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். விசில் சத்தம். பஸ் வளைவில் திரும்பி மறைந்தது. அதற்குப் பிறகுதான் பதிவு ஏறியது. இடம் என்ற கட்டத்தில் அந்த மலையூரின் பெயர் வந்திருந்தது. இரண்டு முறை படித்தேன்.

பாறையைவிட்டு இறங்குவதற்குள் மேற்பார்வையாளரே கூப்பிட்டார்.

"இன்னாம்மா, புள்ளி மேல காட்டுது. இன்னும் அங்கயா இருக்க? பஸ்ஸு?"

"போயிடுச்சு சார்."

"அப்ப எப்டி எறங்குவ?"

"அத எழுதவும் செயலியில எடம் இருக்கா சார்?"



"இனிமே கீழ எறங்கியே ஏத்து, மேலிடத்துல கேட்டா நான் பேசிக்கறேன். நீ மொதல்ல தங்கறதுக்கு அந்த ஸ்கூலு டீச்சருகிட்ட ஒரு வூடு கேளு."

"அவங்களும் பஸ்ஸுல போயிட்டாங்க சார்," என்றேன்.