இரண்டு ‘கொ’

எனக்குச் சந்தேகப் புத்தி. அதை மறைப்பானேன்? புதுவாயல் ஜங்ஷனில் கடைகளுக்கு மேல் மாடியில் எங்கள் சின்ன அலுவலகம். தமிழ்க் கோப்புகளைப் பிரெய்ல் புள்ளிகளாக மாற்றும் மென்பொருளை எழுதியவன் நான். அச்சான தாளை விரலால் தடவிப் பிழை பார்க்க, பழவேற்காட்டிலிருந்து பார்வையற்ற பெண் ஒருத்தி புதிதாகச் சேர்ந்திருந்தாள். அவளை நிரந்தரமாக்கலாமா என்று மேலாளர் என்னிடம்தான் கேட்டிருந்தார்.

கும்மிடிப்பூண்டித் தொழிற்சாலை ஒன்றுக்கான பாதுகாப்புக் கையேடு அவள் கையில் இருந்தது. “மூணாவது வரில ‘கொதிகலன்’ சரியா கீது சார். ஏழாவது வரில ‘கெஆதிகலன்’னு வருது,” என்றாள். திரையில் பார்த்தேன். இரண்டும் அச்சு அசலாக ஒன்றுதான். ஒரே சொல் ஒரு வரியில் சரி, இன்னொரு வரியில் தப்பா? வேலை பார்ப்பதாகக் காட்டிக்கொள்ளக் கதை விடுகிறாள் என்று நினைத்தேன்.

மறுநாள் அதே தாள்களைக் கலைத்து, புதிது என்று சொல்லிக் கொடுத்தேன். “நேத்து குடுத்ததையே கலச்சி குடுத்துக்கினு கீறீங்களே, இன்னா சார், டெஸ்ட்டா?” என்று சிரித்தாள். அவள் தப்பென்று குறித்த இடங்கள் ஒன்றுகூட மாறவில்லை. மனப்பாடம் செய்திருப்பாள் என்று அதற்கும் ஒரு காரணம் கண்டுபிடித்தேன். மென்பொருளில் பிழையில்லை, இவருக்குத்தான் பிரெய்ல் சரியாக வரவில்லை என்று மேலாளருக்கு மெயில் போட்டேன்.

அதோடு விடவில்லை. அவளை மடக்க ஆதாரம் வேண்டுமே. ஏழாவது வரியில் ‘கொ’வுக்குப் பின்னால் கர்சரை வைத்து, பேக்ஸ்பேஸை ஒரு தட்டுத் தட்டினேன். துணைக்கால் மட்டும் போய் ‘கெ’ நின்றது. மூன்றாவது வரியில் தட்டினேன். கொம்பும் காலும் சேர்ந்தே போய் வெறும் ‘க’ நின்றது. கையேட்டைத் தட்டச்சு செய்தவர், இடையில் வரிகளைச் சேர்த்துத் திருத்தியவர் என்று இருவரில் ஒருவர் கொம்பையும் காலையும் தனித்தனிக் குறியாக அடித்திருக்கிறார், மற்றவர் இரண்டும் சேர்ந்த ஒரே குறியாக. திரையில் அவை ஒட்டிக்கொண்டு ஒரே எழுத்தாகத் தெரிகின்றன. என் மென்பொருளோ கொம்புக்கு ‘எ’, காலுக்கு ‘ஆ’ என்று இரண்டையும் தனித்தனியாகக் குத்தி வைத்திருக்கிறது. இரண்டும் அடுத்தடுத்து வந்தால் ஒன்றாக்கு என்று நான் எழுதவே இல்லை.

வெட்கமாக இருந்தது. அவளிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன், மெயில் போட்டதையும் சேர்த்து.

“அப்போ இன்னொரு மெயில் போடுங்க சார். இப்பவே.”

அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து, திரையில் உள்ளதைக் குரலாகப் படித்துக்காட்டும் அவள் கணினியிலேயே அடித்தேன். பிழை என்னுடையது, இவர் குறித்தது அத்தனையும் சரி என்று. படித்துக் காட்டட்டுமா என்று கேட்டேன்.

“நீங்க படிக்க வாணாம் சார்,” என்று ஹெட்போனை எடுத்து மாட்டிக்கொண்டாள். “மிஷினு படிக்கட்டும்.”