சுயம்புலிங்கத்துக்கு ஏழாம் மாதம்

ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணிக் கட்டுகளை லோடு ஆட்டோவில் ஏற்றி, ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பிரசவ ஆஸ்பத்திரிகளில் கொண்டுபோய் இறக்குவது சுயம்புலிங்கத்தின் தொழில். வயது ஐம்பத்தாறு. சரக்கைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டுத் தர அங்கே ஒரு மணி நேரம் ஆக்குவார்கள். அதுவரை, பிரசவத்துக்கு வந்த பெண்களின் புருஷன்மாரோடு பெஞ்சில் உட்கார்ந்து போனை நோண்டிக்கொண்டிருப்பார்.

ஒரு நாள் போனில் தொட்டில் விளம்பரம் வந்தது. மறுநாள் டயப்பர். அதற்கும் மறுநாள், தன் போனில் சார்ஜ் இல்லாமல், தன் தங்கச்சியிடம் பேசுவதற்காக அவர் போனை எடுத்த மனைவி பாண்டிசெல்வி அப்படியே நின்றுவிட்டாள்.

“ஏங்க, ஏழாம் மாசத்துல என்ன சாப்பிடணும்னு போன் உங்களுக்குச் சொல்லுது. எங்கிட்ட மூச்சு விடலியே?”

“ஏட்டி, சத்தியமா எனக்கு ஒண்ணும் தெரியாது!”

அவர் பதறப் பதற அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அதோடு விட்டாளா? தெரு முழுக்கச் சொல்லி வைத்தாள். “அண்ணாச்சி, வளைகாப்பு எப்போ?” என்று கேட்காத ஆளில்லை.

தாங்க முடியாமல் ஆஸ்பத்திரி நர்ஸ் ஹெப்சிபாவிடம் போனை நீட்டினார்.

“போன்ல நீங்க ஏத்தி வச்சிருக்க இந்த டார்ச் ஆப், நீங்க போற எடத்தயெல்லாம் பாத்துக்கிட்டே இருக்கு, அண்ணாச்சி. அத ஆப்காரன் விளம்பரக்காரனுக்கு வித்துருதான். வாரத்துக்கு மூணு நாள் பிரசவ ஆஸ்பத்திரில உக்காந்திருந்தா, வீட்ல புள்ளத்தாச்சி இருக்குன்னுதான அவன் நெனப்பான்?”

“வெளிச்சம் அடிக்கதுக்கு நான் நிக்க எடம் எதுக்கும்மா?”

“அதக் கேக்காமத்தான் அம்புட்டுப் பேரும் ‘அனுமதி’ய அமுக்கிருதோம்” என்று சிரித்தவள், அதை நிறுத்தும் வழியையும் காட்டிக்கொடுத்தாள்.

கற்ற வித்தையோடு வீட்டுக்கு வந்தவர், மனைவியின் போனையும் வாங்கித் திறந்தார். ஹெல்மெட், ஸ்கூட்டர் இன்சூரன்ஸ் என்று விளம்பரமாக வந்து விழுந்தது. வீட்டிலோ ஸ்கூட்டரே கிடையாது.

“என் விஷயத்துல போன் பொய் சொல்லிச்சு. ஒன் விஷயத்துல?”

பாண்டிசெல்வி முந்தானையைத் திருகினாள். “மில்லு விட்டு வரும்போது டிரைவிங் ஸ்கூல் மைதானத்துல செத்த நேரம் ஓட்டிப் பழகுதேன். ஒரு மாசமாச்சு. நேத்து காலே ஊணாம எட்டு போட்டுட்டேன்!”

“விழுந்தியா?”

“ரெண்டே தடவ.”

அவருக்கு ஆச்சரியம் ஒரு பக்கம், பெருமை ஒரு பக்கம். அவள் போனிலும் அந்த அனுமதியை நிறுத்தப் போனவரின் கையைப் பிடித்துக்கொண்டாள். “அது கெடக்கட்டும். ஹெல்மெட்டுக்குத் தள்ளுபடி வருது!”

லைசென்ஸ் கைக்கு வந்ததற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை, தங்கச்சியின் ஸ்கூட்டரை இரவல் வாங்கி, புருஷனைப் பின்னால் உட்காரவைத்துப் பிளவக்கல் அணைக்குக் கிளம்பினாள். வழியில் முதல் பஸ்ஸை அவள் முந்தியபோது சுயம்புலிங்கம் கண்ணை இறுக மூடிக்கொண்டார். இரண்டாவது பஸ்ஸை முந்தியபோது, திரும்பி அதன் டிரைவருக்குக் கை காட்டினார்.