கச்சான் காற்றில் ஒரு கம்பளி

ஆஸ்பத்திரியின் குழந்தைகள் விடுதிக்கு வெளியே, நடைபாதையில் போட்டிருந்த நீள வாங்கில் உட்கார்ந்திருந்த எல்லோரும் கையில் கிடைத்ததை வைத்து விசிறிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் கிளினிக் அட்டையால், ஒருத்தி சேலைத் தலைப்பால், இன்னொருவர் பிஸ்கட் பெட்டியின் மட்டையால். வெளியே கச்சான் அடித்தது. திருகோணமலையில் அதைக் காற்று என்று சொல்வதே மரியாதைக்குத்தான். அடுப்பு வாயிலிருந்து வருவதுபோல மேற்கிலிருந்து அனல் வரும். அந்த வாங்கில் நான் மட்டும் கம்பளிச் சட்டை போட்டு, கழுத்துவரை பொத்தானும் பூட்டியிருந்தேன். எனக்குக் குளிராக இருந்தது.

உள்ளே என் மகள் ஜெனி காய்ச்சலோடு கிடந்தாள். பிறந்து ஐந்து மாதம். அவளுக்கு மேலே மின்விசிறி சுழல்கிறதே, குளிர் பிடித்துவிடுமே என்றுதான் நான் பயந்துகொண்டிருந்தேன்.

பிள்ளை பெற்ற பிறகு ஊரில் ஒருவருக்கும் இல்லாத குளிர் உங்களுக்கு வந்திருந்தால், அல்லது உங்கள் வீட்டில் ஒருத்திக்கு வந்திருந்தால், இதை உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். வைத்தியம் சொல்ல எனக்குத் தெரியாது. துணியைப் பற்றித் தெரியும் என்று நினைத்திருந்தேன். அதுவும் பாதிதான் தெரிந்திருக்கிறது.

நான் நகரத்துச் சந்தைப் பக்கம் ஒரு புடவைக் கடையில் வேலை செய்கிறேன். படுக்கை விரிப்பு, போர்வை, குழந்தைப் படுக்கை எல்லாம் என் பகுதி. பிரசவத்துக்குச் சாமான் வாங்க வரும் பெண்களுக்கு ஒரு வழி சொல்லிக்கொடுப்பேன். துணியை வாயோடு பிடித்து ஊதுங்கள், மறுபக்கம் வைத்த கையில் காற்றுப் பட்டால் வாங்குங்கள், படாவிட்டால் எவ்வளவு வடிவாக இருந்தாலும் திருப்பி வையுங்கள். இதைச் சொல்லியே அந்தப் பகுதியில் எனக்கு ஒரு பெயர் உண்டு. எங்கள் கடையில் தடித்த கம்பளியும் சில இருந்தன. குளிர் மலை ஊரான நுவரெலியாவுக்குச் சுற்றுலாப் போகிறவர்களைத் தவிர ஒருவரும் அதைத் தொடுவதில்லை.

ஜெனி மாரியில் பிறந்தாள். விடாத மழை. சுவரெல்லாம் ஈரம். பார்க்க வந்த பெண்கள் எல்லோரும் முதலில் பிள்ளையின் பாதத்தைத் தொட்டார்கள். "ஐயோ, கால் சில்லிட்டுக் கிடக்கு. தொப்பியைப் போடுங்கோ, சொக்ஸைப் போடுங்கோ" என்றார்கள். போட்டேன். எங்கள் பக்கத்தில் பச்சைப் பிள்ளையைப் பற்றி எல்லோருக்கும் இருக்கும் ஒரே பயம் குளிர் பிடித்துவிடும் என்பதுதான். பிள்ளைக்குச் சூடு பிடித்துவிடும் என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை.

மாரி முடிந்தது. என் உடம்புக்கு மட்டும் முடியவில்லை. காலையில் தண்ணீரில் கைவைக்க முடியாமல் இருந்தது. தலைமுடி சீப்போடு வந்தது. முகம் ஊதியது, தோல் வறண்டது, மலச்சிக்கல் வந்தது, குரல் ஆம்பிளைக் குரல்போலக் கரகரத்தது. படியேறினால் இடையில் நின்று, மிச்சத்தை ஏறலாமா என்று யோசிக்க வேண்டியிருந்தது. ஒவ்வொன்றுக்கும் வீட்டில் ஒரே பதில்தான்: பிள்ளை பெற்ற உடம்பு, அப்படித்தான் இருக்கும். நானும் அதையே எனக்குச் சொல்லிக்கொண்டேன்.

என் கணவர் அன்ரனுக்கு மீன்பிடித் துறைமுகப் பக்கம் ஓர் ஐஸ் தொழிற்சாலையில் வேலை. பகல் முழுக்க ஐஸ் கட்டிகளோடு நின்றுவிட்டு வந்து, சேர்ட்டைக் கழற்றிப்போட்டு மின்விசிறியைத் தேடுவார். நான் அதை நிறுத்துவேன். எங்கள் வீட்டுச் சண்டையெல்லாம் அந்த ஒரு சுவிட்சில்தான் நடந்தது.

ஒருநாள் பிள்ளையைத் தூக்கியவர் சொன்னார்: "பிள்ளை கொதிக்குது. ஒண்டு ரெண்டைக் கழட்டிவிடு."

"ஐஸுக்குள்ள நிண்டுபோட்டு வாற உங்களுக்கு எல்லாம் கொதிக்கும்தான். போய்க் கையைக் கழுவுங்கோ."

அவர் சிரித்துக்கொண்டு போய்விட்டார். துணி விஷயத்தில் என்னை மிஞ்சி அந்த வீட்டில் ஒருவரும் பேச முடியாது. அந்த வாரமே கடைக்குப் போய், நுவரெலியாக்காரருக்கென்று வைத்திருந்த கம்பளியில் ஒன்றைப் பிள்ளைக்கு வாங்கிவந்தேன். கூட வேலை செய்யும் பிள்ளைகள், "அக்கா, ஊதிப் பார்த்தனீங்களோ?" என்று பகிடி பண்ணினார்கள். ஊதிப் பார்க்கத் தோன்றவேயில்லை. தொட்டவுடன் எனக்கு அது சுகமாக இருந்தது, அவ்வளவுதான்.

பிள்ளையின் கழுத்திலும் முதுகிலும் வியர்க்குரு போட்டது. பால் குடிப்பது குறைந்தது. ஒரு மத்தியானம் சாம்பல்தீவிலிருந்து என் அக்கா வந்தாள். கதவு, யன்னல் எல்லாம் சாத்திய அறைக்குள் நுழைந்தவள் கம்பளியை விலக்கிப் பிள்ளையைப் பார்த்தாள். ஜெனி சிவந்துபோய், துவண்டு கிடந்தாள். கூப்பிட்டால் கண்ணைத் திறந்து உடனே மூடினாள்.

"என்னடி செய்து வைச்சிருக்கிறாய்?" என்று கத்தினாள் அக்கா. அடுத்த நிமிடம் மூன்று பேரும் முச்சக்கர வண்டியில் இருந்தோம். அப்போதும் நான் பிள்ளையைச் சுற்றித்தான் தூக்கிக்கொண்டு போனேன்.

குழந்தைகள் விடுதியில் தாதி ஒருவர் துணியை விலக்கத் தொடங்கினார். கம்பளி, பிளனல் துணி, கைவைத்த சட்டை, உள்பனியன், தொப்பி, கையுறை, காலுறை. "என்ன இது, வெங்காயம் மாதிரி உரிக்க உரிக்க வருகுது!" என்றார். அக்கா சிரிக்கவில்லை. எனக்கு அந்தத் தாதிமேல் கோபம் வந்தது.

இரத்தமும் சிறுநீரும் எடுத்தார்கள். கிருமித் தொற்று இல்லை என்று உறுதிப்படுத்தும்வரை எதையும் சொல்ல முடியாது என்றார்கள். ஆனால் துணியைக் கழற்றி, காற்றுப் பட வைத்து, அடிக்கடி பால் கொடுத்ததிலேயே சூடு இறங்கத் தொடங்கியது. மாலைக்குள் ஜெனி கையைக் காலை அடித்தாள். சோதனைகளிலும் தொற்று எதுவும் இல்லை என்று வந்தது. காய்ச்சல் என்று நாங்கள் கொண்டுபோனது காய்ச்சலே இல்லை. நான் போர்த்திய சூடு.

பிள்ளையைப் பார்த்த வைத்தியர் கிண்ணியாப் பக்கத்துப் பெண். விஷயத்தைச் சொல்லி முடித்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"தங்கச்சி, இந்த வெயிலுக்க நீங்க என்னெண்டு கம்பளி போட்டுக்கொண்டு இருக்கிறீங்க?"

"குளிருது டொக்டர்."

"எப்ப இருந்து?"

"பிள்ளை பிறந்த மாரியில இருந்து."

"மாரி எப்பவோ முடிஞ்சுதே" என்றார். என் கையைப் பிடித்துத் தோலைப் பார்த்தார். நாடி பார்த்தார். கழுத்தின் முன்பக்கத்தை விரலால் தடவினார். "பிள்ளைக்கு ஒண்டும் இல்ல. உங்களுக்குத்தான் இரத்தம் பார்க்க வேணும்."

டி.எஸ்.எச். (தைரொயிட் சுரப்பியை வேலை செய்யச் சொல்லி மூளைப் பக்கத்திலிருந்து வரும் சுரப்பு) மிக அதிகமாக இருந்தது. ஹைப்போதைரொயிடிசம் (தைரொயிட் சுரப்பி தேவையான அளவு சுரக்காமல் போவது) என்று உள்நோய் வைத்தியர் எழுதினார். சில பெண்களுக்குப் பிரசவத்துக்குப் பிறகு இந்தச் சுரப்பி அழற்சி கண்டு, சில மாதங்களில் சோர்ந்துவிடுமாம். உடம்பின் அடுப்பு தணிந்துவிடும் என்று வையுங்கள். பலருக்குத் தானாகவே சரியாகும், சிலருக்கு மாத்திரை தொடரும், உங்களுக்கு எது என்று காலம்தான் சொல்லும் என்றார்.

நோய் என்று தெரிந்ததும் எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதி வீட்டு வாசல்வரைதான் நின்றது. வாசலில் எனக்கு அழுகை வந்துவிட்டது. இன்னும் கொஞ்ச நேரம் அக்கா வராமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். அதற்கு மேல் நினைக்க முடியவில்லை.

அன்ரன் குத்திக்காட்டவில்லை. தன் இரண்டு கையையும் விரித்துப் பார்த்துவிட்டு, "அப்ப என்ர கை பழுதில்லை" என்றார். அழுகையோடு சிரிப்பும் வந்தது.

தைரொக்சின் மாத்திரையைக் காலையில் வெறும் வயிற்றில், தேநீருக்கு முன்னால் விழுங்க வேண்டும். அது எளிது. எனக்குக் கடினமாக இருந்தது வேறு. பிள்ளையைத் தொட்டு, இவளுக்குச் சூடா குளிரா என்று என்னால் சொல்ல முடியவில்லை. தாய்க்குத் தெரியாததா என்பார்கள். என் கைக்குத் தெரியவில்லை. அந்தக் கையை நினைக்க எனக்குப் பயமாக இருந்தது.

ஐஸ் தொழிற்சாலைக்குத் தொலைபேசி எடுப்பேன். பின்னால் ஐஸ் உடைக்கும் இயந்திரம் கடகடக்கும்.

"பிள்ளைக்கு ரெண்டாவது துணி போடட்டோ?"

"இஞ்ச இருந்துகொண்டு நான் என்னெண்டு சொல்லுறது? பிடரியைத் தொட்டுப் பாரன்."

"தொட்டனான். என்ர கையை நம்ப ஏலாது."

பக்கத்தில் நிற்பவரிடம் நேரம் கேட்பார். பிறகு, "சரி, சாப்பாட்டுக்கு வாறன்" என்பார். சைக்கிளில் வந்து, பிள்ளையைத் தொட்டுவிட்டு, நின்றபடியே சாப்பிட்டுவிட்டுப் போவார்.

குழந்தை வைத்தியர் சொன்ன விஷயங்களை நான் வாய்ப்பாடுபோலப் பிடித்துக்கொண்டேன். கையையும் காலையும் தொட்டு முடிவு செய்யக் கூடாது, குழந்தைகளுக்கு அவை குளிர்ந்துதான் இருக்கும். பிடரியையோ நெஞ்சையோ தொட வேண்டும். அங்கே வியர்த்திருந்தால் ஒன்றைக் கழற்ற வேண்டும். வீட்டுக்குள் தொப்பி வேண்டாம், பிள்ளையின் சூடு தலை வழியாகத்தான் நிறைய வெளியேறுகிறது. படுக்கை கெட்டியாக இருக்கட்டும், விரிப்பு இழுத்துச் செருகியதாக இருக்கட்டும். தலையணையும் மெத்தென்ற போர்வையும் முகத்தை மூடிவிடக்கூடும், அவை பிள்ளையின் படுக்கையில் வேண்டாம். மழைக்காலத்தில் தளர்ந்த போர்வையைவிட, கைவைத்த பருத்திச் சட்டை ஒன்றைக் கூடப் போடுவது நல்லது. சுகமாக இருக்கும் ஒரு பெரியவர் போட்டிருப்பதற்கு மேல் மெல்லியதாக ஒன்று போதும், வெக்கைக்கு அதுவும் வேண்டாம்.

எங்கள் வீட்டில் சுகமாக இருந்த பெரியவர் அன்ரன். ஆகவே அவரைப் பார்த்துப் பிள்ளைக்கு உடுத்தினேன். அவர் வெறும் மேலோடு நின்றால் அவளுக்குக் கையில்லாத பனியன். அவர் சேர்ட் போட்டால் அவளுக்குச் சட்டை. "நான் என்ன காலநிலை அறிக்கையோ?" என்று கேட்பார்.

நான் குளிரில் கிடக்க வேண்டும் என்று ஒருவரும் சொல்லவில்லை. அதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் தண்டனைபோல நான் சில நாள் ஒன்றும் போர்த்தாமல் நடுங்கிக் கிடந்தேன். "உங்கட குளிர் பொய் இல்ல, தங்கச்சி" என்றார் வைத்தியர். "அது உங்கட குளிர். பிள்ளையிட குளிர் இல்ல." அந்த நுவரெலியாக் கம்பளியை நான் எடுத்துக்கொண்டேன். கட்டிலின் ஒரு கரையில் நான் கம்பளிக்குள், மறு கரையில் அன்ரன் ஒன்றுமில்லாமல், பக்கத்தில் தனிப் படுக்கையில் பிள்ளை ஒரு மெல்லிய சட்டையோடு. மின்விசிறி அவர்கள் இருவர் பக்கமும் திரும்பி நின்றது. ஒரே அறைதான். மூன்று உடம்புக்கும் ஒரே போர்வை தேடியதுதான் பிழை.

மாத்திரை மெதுவாக வேலை செய்தது. குரல் முதலில் திரும்பியது. அது திரும்பியதைத் தொலைபேசியில் அக்காதான் கண்டுபிடித்தாள். முகத்து ஊதல் வற்றியது. தலையில் புதுமுடி குத்திக்கொண்டு நின்றது. நான் வேலைக்குத் திரும்பினேன். யாராவது போர்வையைத் தூக்கிப் பிடித்து "இது சூடோ?" என்று கேட்டால், இப்போதெல்லாம் "ஆருக்கு?" என்று திருப்பிக் கேட்கிறேன். சிலர் முறைக்கிறார்கள்.

மாரி வந்தது, போனது. இரத்தச் சோதனை நல்லபடியாக வந்தது. மாத்திரையைக் குறைத்தார்கள், ஆனால் நிறுத்தவில்லை. கடதாசியில் நான் சுகம். ஆனாலும் பிள்ளையைத் தொட்டுவிட்டு அன்ரனின் முகத்தைப் பார்க்கும் பழக்கம் மட்டும் போகவில்லை. அது போகாது என்றே முடிவு கட்டியிருந்தேன்.

மறுபடி கச்சான் தொடங்கிய ஒரு ஞாயிற்றுக்கிழமை. அன்ரன் வேலைக்குப் போயிருந்தார். தேவாலயத்தில் பூசை முடிந்து வந்து, சாப்பிட்டு, நானும் ஜெனியும் படுத்துவிட்டோம். இடையில் கண் விழித்தபோது என் பிடரி ஈரமாக இருந்தது. சட்டை முதுகோடு ஒட்டிக்கிடந்தது. பிள்ளை தண்ணீரைக் கொட்டிவிட்டாள் என்று நினைத்து எழுந்து பார்த்தேன். தண்ணீர் எங்கும் இல்லை. மின்சாரம் போய், விசிறி நின்றிருந்தது. எனக்கு வியர்த்திருந்தது.

ஜெனியின் பிடரியில் கைவைத்தேன். என்னுடையதைப் போலவே இருந்தது. அவளை எழுப்பாமல் சட்டையைக் கழற்றி, யன்னலை அகலத் திறந்தேன். கழற்றிய சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோதுதான், யாரையும் கேட்காமல் செய்துவிட்டேன் என்பது தெரிந்தது.

போன வருடத்துக் கச்சான் எனக்கு நடக்கவேயில்லை. ஊர் வெயிலில் கிடந்தபோது நான் முடியாத ஒரு மாரியில் தனியே இருந்திருக்கிறேன். அந்த மாரி எனக்கு இந்த மத்தியானம்தான் முடிந்தது.

மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து அடுத்த வீட்டுப் பெண்ணின் குரல் கேட்டது.

"என்ன வெக்கையப்பா இது!"

"ஓம், தாங்க ஏலாமல் கிடக்கு" என்றேன்.